லோஷினிக்கு எடை போட்ட பத்து நாள்

30 மே, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. நேற்றோடு பள்ளி லீவு விட்டாயிற்று. இன்று முதல் இந்த நோட்டு.

ஈப்போ டாக்டரம்மா சொன்னது: தினமும் மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும். ஒன்று, அதற்கு முன்னால் என்ன நடந்தது. இரண்டு, லோஷினி என்ன செய்தாள். மூன்று, நான் என்ன செய்தேன். "அவ வேணும்னு செய்யலம்மா. யோசிக்கறதுக்கு முன்னாடியே கை போயிடுது." பிப்ரவரியில் ஏ.டி.எச்.டி. என்று சொன்ன நாளிலிருந்து இதையேதான் சொல்கிறார். பிள்ளைக்கு ஒன்பது வயது. எனக்குப் புரிகிறது. என் வாய்க்குத்தான் புரிய மாட்டேன் என்கிறது.

இன்று:

பல் விளக்கச் சொன்னேன். பற்பசை முழுவதும் கண்ணாடியில். "பனி பேயுதும்மா." கத்தினேன்.

சட்டை மாற்றச் சொன்னேன். ஒரு கை நுழைத்தாள், வெளியே அடுத்த வீட்டு பாக்கியக்காவின் கோழி கத்தியது, பாதிச் சட்டையோடு ஓடிவிட்டாள். கத்தினேன்.

ரைஸ் குக்கர் மூடியில் திருகாணி மூன்றும் காணோம். "உள்ள எப்படி விசில் வருதுன்னு பாத்தேன்." அது விசில் அடிக்கிற குக்கரே இல்லை. கத்தினேன்.

மூன்றாம் கட்டம் பூராவும் ஒரே சொல். கை வலிக்கிறது. இனிமேல் க. என்றால் கத்தினேன், அ. என்றால் அடக்கிக்கொண்டேன். இன்று க. 7, அ. 0. இதை டாக்டரம்மாவிடம் காட்டினால் மானம் போகும். அவருக்கு வேறு நோட்டில் அழகாக எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம். இது எனக்கு.

அண்ணி மறுபடி போன். என் வீட்டுக்காரரின் அக்கா, தைப்பிங் டவுனில் இருக்கிறார். "ஒரு வருஷம் எங்கிட்ட விடு. அங்கயே ஸ்கூல்ல சேத்துக்கறேன். நிமித்திக் காட்டறேன்." இவர் என்ன சொன்னார் தெரியுமா? "லீவு முடியட்டும்க்கா, பாக்கலாம்." இவர் 'பாக்கலாம்' என்றால் முக்கால் சம்மதம். பன்னிரண்டு வருடம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா?

விடமாட்டேன். எழுதியே வைக்கிறேன். விடமாட்டேன்.

31 மே, சனி

மழை விட்டது. ரோட்டில் கார், பஸ், கார். லீவுக்கு மலை ஏறிய கூட்டம். தேயிலைச் செடிக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

தோட்டத்துக் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, ஒன்று கவனித்தேன். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பேர் கூப்பிடுகிறார். ஆள் "இருக்கேன்" என்கிறார். "நீ எட்டாம் நம்பர் மலை." அவ்வளவுதான். எட்டை முடித்துவிட்டு பத்துக்குப் போ, வழியில் உரமூட்டையைப் பார், சாயங்காலம் கத்தி தீட்டு என்றெல்லாம் ஒரே மூச்சில் சொல்வதில்லை. ஒரு ஆள், ஒரு வேலை.

நான் வீட்டில் எப்படிச் சொல்கிறேன்? "எந்திரி பல்ல வெளக்கு பாய சுருட்டு பால் ஆறுது அந்தத் தலைய பாரு." நல்ல ஆளுக்கே தலை சுற்றும்.

இன்னொன்று. கொழுந்து எடை போடுவது என் வேலை. கோணி கொக்கியில் ஏறியதும் ஆட்கள் அசையாமல் நிற்பார்கள். "முப்பத்தெட்டு!" என்று நான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் போவார்கள். அப்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெட்டிய கொழுந்துக்கு அப்போதே எடை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றால் ஒருத்தன் வெட்டுவானா? டாக்டரம்மாவும் இதைத்தானே சொன்னார். "நல்லது செஞ்சா ஒடனே சொல்லுங்க. சாயங்காலம் சொன்னா அவளுக்கு எட்டாது."

ஸ்டோரில் பழைய ஸ்பிரிங் தராசு ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டேன். "எதுக்கும்மா?" "பிள்ளைய நிறுக்க." ஒரு மாதிரி பார்த்தார். கொடுத்துவிட்டார்.

மாவுப் பையை வெட்டி சின்னப் பை தைத்தேன். க. 5, அ. 1. அந்த ஒன்றும் தொண்டை கட்டியதால்.

1 ஜூன், ஞாயிறு

வெயில்! போர்வையெல்லாம் வெளியே.

எங்கள் லைன் வீடுகளுக்குக் கீழே, வேலியோரம் வெட்டாமல் விட்ட பழைய தேயிலை மரங்கள். அதன் கொட்டை உதிர்ந்து கிடக்கும், கோலிக்குண்டு அளவு. லோ.வும் நானும் ஒரு வாளி பொறுக்கினோம். நான் கால் வாளி, அவள் முக்கால். வேலை பிடித்துவிட்டால் என்ன வேகம்! இவளையா மந்தம் என்று டீச்சர் எழுதி அனுப்பினார்?

தராசை சமையல்கட்டு வாசலில் தொங்கவிட்டேன். சட்டம்:

பெரட்டு காலை ஏழு மணிக்கு, ஞாயிறானாலும்.
ஒரு நேரம் ஒரு வேலை.
முடித்ததும் பையில் ஒரு பிடி கொட்டை. என் கைப்பிடி.
உடனே எடை.
இரண்டு கிலோ வந்தால் ரிங்லெட் டவுனில், மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி டிஷு. மெல்லிசாக, அவள் உயரத்துக்கு நிற்குமே, அது.

ஒரு பிடி ஐம்பது கிராம் வருகிறது. பாய் சுருட்டியதற்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, தட்டைக் கழுவியதற்கு ஒன்று. "நூத்தம்பது!" என்று மலையில் கத்துகிற மாதிரியே கத்தினேன். லோ. அப்படியே குதித்தாள், தராசும் சேர்ந்து குதித்தது. இந்தக் கத்தல் க.வில் சேராது.

இவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். "தராசுல நிறுத்தா பிள்ள திருந்திருமா?"

"நீங்க சும்மா இருங்க லா."

அப்புறம் அவருக்கே உற்சாகம் வந்து கதை சொன்னார். அந்தக் காலத்தில் கூடை எடை போடும்போது சில பேர் அடியில் கல்லைப் போட்டு மேலே கொழுந்து பரப்பிவிடுவார்களாம். ஒருத்தர் அவசரத்தில் அம்மிக் குழவியையே போட்டு, கூடையின் அடி பிய்ந்து கிராணி கால் மேல் விழுந்ததாம். லோ. விழுந்து விழுந்து சிரித்தாள். "பெறகு என்னாப்பா ஆச்சு? பெறகு?" மூன்று தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் சிரிப்பு.

க. 2, அ. 3. சாமி!

2 ஜூன், திங்கள்

பனி. எதிர் லைன் தெரியவில்லை.

பெரட்டில் நான் பேர் கூப்பிடுவதா, அவள் கூப்பிடுவதா என்று சண்டை. அவளே மண்டோர். என் பழைய தொப்பி, ஒரு நோட்டு, காதில் பென்சில். "அம்மா!" "இருக்கேன்." "சத்தம் பத்தல." "இருக்கேன்!" "தோச சுடு. அப்பா!" இவர், தான் ஓட்டும் லோரியின் சாவியைத் தேடிக்கொண்டே "ம்" என்றார். "ம் இல்ல. இருக்கேன்னு சொல்லணும்." "இருக்கேன் தாயே." "லோஷினி! இருக்கேன்!" அவளே கூப்பிட்டு, அவளே கை தூக்கி, அவளே குறித்துக்கொண்டாள்.

நாங்கள் வேலைக்குப் போனால் லோ. அடுத்த வீட்டு பாக்கியக்காவிடம். சாயங்காலம் அக்கா அறிக்கை வாசித்தார்: "தண்ணித்தொட்டி மேல ஒருக்கா. கோழிக்கு ரிப்பன் கட்டுனது ஒருக்கா. என் நாடகம் ஓடறப்போ டிவிக்கு முன்னால நின்னு அவளே நடிச்சுக் காட்டுனது முழு எபிசோடு. ஆனா சொல்றேன் கேளு, அந்த நடிகைய விட இவ தேவல."

என் தப்பு ஒன்று. அவசரத்தில் "தலய சீவு, பைய எடு, அக்கா வீட்டுக்கு ஓடு" என்று மூன்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சீப்போடு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தப் போனேன். மண்டோர் ஞாபகம் வந்தது. "சீவு." சீவினாள். "பை." எடுத்தாள். "ஓடு." ஓடினாள். இவ்வளவுதானா? ஒன்பது வருடமாக இதற்கா இந்தப் பாடு!

350 கிராம். க. 2, அ. 4.

வாங்க: பற்பசை, திருகாணி, கோழிக்குத் தீவனம் (ரிப்பனுக்கு அபராதம்).

3 ஜூன், செவ்வாய்

காலை வெயில், மதியம் தூறல். 600 கிராம்! ஒரே நாளில் ஐந்து பிடி. வீட்டுப்பாடம் பத்து நிமிடம் உட்கார்ந்தாள். பத்து நிமிடம்! நடுவில் இரண்டு தடவை வாசல் வரை ஓடிவிட்டு வர அனுமதி. ஓடிவிட்டு வந்தால் உட்கார முடிகிறது. இதுவும் டாக்டரம்மா சொன்னதுதான், அப்போது நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சந்தோஷமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி போன். இவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், லைன் முழுக்கக் கேட்கும்.

"ஞாயித்துக்கெழம நானே காரு எடுத்துட்டு வரேன்டா. துணிமணிய கட்டி வை. திங்கக்கெழமயே ஸ்கூல் விஷயத்த பேசிரலாம்."

"பாக்கலாம்க்கா. இங்க இவ என்னமோ தராசு வச்சு நிறுத்துக்கிட்டு இருக்கா. ரெண்டு கிலோ வந்தா பிள்ள நல்ல பிள்ள ஆயிருமாம்." சிரிப்பு.

"பிள்ளயா, பரங்கிக்காயா?" அங்கேயும் சிரிப்பு.

லோ. டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்காது.

அவரிடம் சண்டை போட்டேன். "நீங்க பெத்த பிள்ளயா, லோரியில ஏத்தி எறக்கற மூட்டயா?" அவர் பதில்: "ஒனக்கும் ஓய்வு வேணும். நீ கத்தி கத்தி என்னா கதிக்கு ஆயிட்டன்னு கண்ணாடியில பாரு." அக்கறைதான். அது தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது. க. 4, நாலும் அவரை.

4 ஜூன், புதன்

நாள் முழுக்க மழை. எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மழையில் வெட்டிய கொழுந்தில் தண்ணீர் கனம் இருக்கும், அதனால் எடையில் கொஞ்சம் கழித்துச் சொல்வேன். ஈரக் கழிவு. தோட்டத்து வழக்கம். யாருக்கும் பிடிக்காது. பங்களாதேஷ் தம்பி ஒருவன் கோணியைத் தொட்டுக்கொண்டு, "காக்கா, ஹரி ஹரி போத்தோங்" என்றான். தினம் தினம் எடையை வெட்டுகிறீர்களே அக்கா என்று, மலாயில். "மழைய கேளுப்பா" என்றேன், கையைக் காட்டி.

அந்தப் புத்தியோடேயே வீட்டுக்கு வந்தேன். காலையில் லோ. 700 தொட்டிருந்தாள். வந்து பார்த்தால் என் ஷாம்பு பாட்டில் காலி, லைன் வாய்க்கால் முழுக்க நுரை, நுரைக்குள் பாக்கியக்காவின் இரண்டு கோழி. தும்முகிற கோழியை இன்றுதான் பார்த்தேன்.

கத்தவில்லை. பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு, அமைதியாகப் பைக்குள் கையை விட்டு இரண்டு பிடி எடுத்து வாளியில் போட்டேன். "ஈரக் கழிவு" என்றேன்.

அவ்வளவுதான். இப்படி ஒரு அழுகை நான் கேட்டதில்லை. "நான் செஞ்சது! நான் பாய் சுருட்டுனது! அத ஏன் எடுத்தீங்க? எப்படி இப்ப வரும்? எப்படி வரும்?" கதவை உதைத்தாள். பிளாஸ்கைத் தள்ளினாள், உள்கண்ணாடி போயிற்று. முக்கால் மணி நேரம். கடைசியில் தேம்பித் தேம்பி என் மடியிலேயே, என்னைத் திட்டிக்கொண்டே, படுத்துவிட்டாள்.

இவர் உடைந்த பிளாஸ்கைக் கூட்டி அள்ளினார். "பாத்தியா?" என்றார். ஒரே சொல்.

பிள்ளையைத் தூக்கிப் பாயில் கிடத்தினேன்.

5 ஜூன், வியாழன்

மழை ஓய்ந்தது. கண் வீங்கிப்போய் வேலைக்கு.

டாக்டரம்மா கொடுத்த தாளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். நான்காவது வரியிலேயே இருக்கிறது: சம்பாதித்ததைப் பிடுங்கக் கூடாது. சேட்டைக்குப் பதில் வேறு. செய்த நல்லது செய்ததுதான். நான்காவது வரி! மூன்று மாதமாகக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நேற்று அந்த பங்களாதேஷ் தம்பிக்கு மழைக்காகக் கழித்தது சரி. கொழுந்தில் தண்ணீர் நிஜமாகவே இருந்தது. லோ. சுருட்டிய பாயில் என்ன தண்ணீர்?

வீட்டுக்கு வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, "அம்மா செஞ்சது தப்பு" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உலகத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை போல. இரண்டு பிடியையும் திருப்பிப் போட்டேன்.

"இனிமே எடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"கையெழுத்து போடுங்க." மண்டோர் நோட்டில் போட்டேன். தேதியும் கேட்டாள்.

ஷாம்புக்கு என்ன? வாய்க்காலை நாங்கள் இரண்டு பேரும் தேய்த்துக் கழுவினோம். கோழிகளையும் துடைத்தோம். அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், இது தண்டனையா என்று எனக்கே சந்தேகம்.

அப்புறம் அவள் சொன்னாள், "ஒங்களுக்கும் பை வேணும்." எனக்கு ஒரு பை, அவள் அப்பாவுக்கு ஒரு பை. நான் கத்தாமல் சொன்னால் ஒரு பிடி. அவள் கைப்பிடி, சின்னது. சாயங்காலத்துக்குள் மூன்று பிடி வாங்கிவிட்டேன். சொன்னால் வெட்கம், ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் குளுகுளு என்று இருந்தது. நாற்பது வயதுப் பொம்பளைக்கே இப்படி!

இவர், "எனக்கெல்லாம் எதுக்கு பையி" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அவர் பை ஆணியில் காலியாகத் தொங்குகிறது.

லோ. 850. க. 1 (கொதிக்கும் எண்ணெய் பக்கத்தில் ஓடினாள், அதற்குக் கத்தலாம் என்று நானே தீர்ப்பு). அ. எண்ணவில்லை, நிறைய.

6 ஜூன், வெள்ளி

காலை நல்ல வெயில். பாக்கியக்கா கோழி முட்டை இரண்டு கொடுத்தார். "குளிச்ச கோழி முட்ட, பளபளன்னு இருக்கு பாரு."

சாயங்காலம் எடை. லோ. பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். கொக்கியில் மாட்டினால் முள் சர்ரென்று இறங்கியது. ஒரு கிலோ தொள்ளாயிரம்.

இருபது வருடம் எடை போட்டவளிடம்!

தரையில் கொட்டினேன். மேலே கொட்டை. அடியில் வாய்க்கால் கல் ஆறு, டார்ச் பேட்டரி இரண்டு, ரைஸ் குக்கர் திருகாணி மூன்று (கிடைத்தது!), லோரிச் சக்கரத்து நட்டு ஒன்று. அந்த நட்டை இவர் நேற்றிலிருந்து லோரிக்கு அடியில் படுத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அம்மிக் குழவிக் கதை சொன்னது யார்? ஆனால் இவர் நட்டைப் பார்த்ததும் கொதித்துவிட்டார். "இந்த வயசுலயே ஏமாத்துப் புத்தியா? பாத்தியா, பாத்தியா? அக்கா சொல்றதுதான் சரி!"

லோ. ஓடவில்லை. அதுதான் ஆச்சரியம். எதற்கெடுத்தாலும் ஓடுகிறவள், சுவரோடு ஒட்டி நின்றாள்.

குனிந்து மெதுவாகக் கேட்டேன். ஒரு நேரம் ஒரு கேள்வி. "எதுக்குடா கல்லு போட்ட?"

"ரெண்டு கிலோ வரணும்."

"ரொட்டிக்கா?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"பெறகு?"

"அப்பாதான் போன்ல சொன்னாரு. ரெண்டு கிலோ வந்தா நல்ல பிள்ள ஆயிருவேன்னு. அத்த ஞாயித்துக்கெழம வராங்க. அதுக்குள்ள வராதும்மா. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

காலண்டர்த் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். செவ்வாய்க்கிழமைத் தாள், பின்பக்கம். மூன்று நாளில் 600. ஒரு நாளுக்கு 200. இன்னும் ஐந்து நாள், 1000. மொத்தம் 1600. அடியில் 400 குறை என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள். கணக்கு நோட்டில் ஒரு வரி போட வைக்க நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். இதை யாரும் சொல்லாமல், உட்கார்ந்து, தப்பில்லாமல் போட்டிருக்கிறாள்.

புதன்கிழமை நான் கழித்தது நூறு கிராம். "எப்படி இப்ப வரும்?" என்று கேட்டாளே. ஐயோ, என் கை விளங்குமா!

அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். அவள் என் முதுகைத் தட்டி, "கல்ல எடுத்துடறேம்மா, கல்ல எடுத்துடறேன்" என்றாள்.

இவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நட்டு மாட்ட ஐந்து நிமிடம் போதும். லோரி முழுவதையும் கழுவினார். கண்ணாடி, சக்கரம், பின்பலகை, எல்லாம்.

கல் நீக்கி 950.

7 ஜூன், சனி

அரைநாள் வேலை. வெயில், காற்று.

பெரட்டில் மூன்று பேரும் ஆஜர். இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சொல்கிறார், "இருக்கேன்" என்று. அண்ணிக்குப் போன் செய்தாரா, என்ன முடிவு, ஒன்றும் தெரியாது. கேட்டால் எனக்குக் கத்தல் வரும், கத்தினால் பையில் விழாது. கேட்கவில்லை. என் வாழ்நாள் சாதனை.

மதியம் எட்டிப் பார்த்தால் அப்பாவும் மகளும் வேலியோரத்தில். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டை பொறுக்குகிறார். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், அவர் "ம்" போட்டுக்கொண்டே இருக்கிறார். காற்றில் பாதிதான் கேட்டது.

"அப்பா, ஒங்களுக்கு பையில ஒண்ணுமே இல்லையே, வெக்கமா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப எதாச்சும் செய்யுங்க."

பாக்கியக்கா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "நாளைக்கு நெசமாவே அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டார். "இவ இல்லாட்டி என் கோழிக்கே பொழுது போவாதே" என்றவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லோ.வின் துணியை நான் மடிக்கவில்லை. அவரும் மடி என்று சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன், இரண்டு தடவை.

1200. ரொட்டி டிஷுவுக்கு இன்னும் எண்ணூறு.

க. 0. முதல் முறை. கொண்டாட மனசு வரவில்லை.

8 ஜூன், ஞாயிறு

பனி இல்லை, மேகம் இல்லை. அண்ணி குளிக்கிறார், அதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஏழு மணிக்குப் பெரட்டு. தொப்பி, நோட்டு, பென்சில். அப்போதே வாசலில் கார். விடியுமுன் கிளம்பி வந்திருக்கிறார் அண்ணி. கையில் புதுத் தலையணை, பூப்போட்ட உறை, வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து ஒரு ஜோடி. அதற்குக் கால் அளவைப் போன மாசமே என்னிடம் கேட்டு வாங்கியிருந்தார். திட்டிக்கொண்டேதான் இருப்பார், ஆனால் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

"என்னா இது, ஆளாளுக்கு வரிசையா நிக்கிறீங்க?"

"பெரட்டு அத்த. நீங்களும் நில்லுங்க." மண்டோர் குரலில் சொன்னாள். அண்ணி என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தலையணையை அணைத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார்!

"அம்மா!"

"இருக்கேன்!"

"தோச. அத்த!"

"ஹ்ம்."

"ஹ்ம் இல்ல அத்த. கைய தூக்கி இருக்கேன்னு சொல்லணும்."

"இருக்கேன்டியம்மா, இருக்கேன்." தலையணை கீழே விழுந்தது.

"வெங்காயம் உரிங்க. அப்பா!"

"இருக்கேன்."

"அப்பாவுக்கு..." நோட்டைப் பார்த்தாள். வேலை எதுவும் சொல்லவில்லை. அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

"லோஷினி."

தினமும் அவளே கை தூக்குவாள். இன்று தூக்கவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். சப்பாத்தையும் பார்த்தாள். அண்ணி, "யாருடி பதில் சொல்றது?" என்று கேட்டார்.

"இருக்கா" என்றார் இவர்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்கதான் இருப்பா. எழுதிக்க." பிறகு அக்காவைப் பார்த்து, "மன்னிச்சிருக்கா. நேத்தே போன் பண்ணியிருக்கணும், வாய் வரல. பிள்ள எங்ககூடவே இருக்கட்டும்" என்றார்.

அண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் லோ. நோட்டை வீசிவிட்டு சமையல்கட்டு வாசலுக்கு ஓடினாள். நல்லது செய்தால் உடனே போட வேண்டும், அதுதானே சட்டம். ஒரு பிடி எடுக்கப் போகிறாள் என்று பார்த்தேன். தன் பையை ஆணியிலிருந்து அப்படியே கழற்றினாள். ஏழு நாள் பாய், பல், தட்டு, வீட்டுப்பாடம், ஒரு கிலோ இருநூறும். அவர் காலிப் பையில் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினாள். பாதி தரையெல்லாம் உருண்டது.

"நிறுங்கம்மா!"

கொக்கியில் மாட்டினேன். முள்ளைப் படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. எவ்வளவு என்று தெரியாமலேயே "ரெண்டு கிலோ!" என்று கத்தினேன். இருபது வருடத்தில் நான் சொன்ன முதல் பொய் எடை.

இவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, லோரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். லோரி பளபளவென்றுதான் நிற்கிறது.

அண்ணி வெங்காயம் உரித்தார், நிஜமாகவே. ஆறு. "கண்ணு எரியுது, வெங்காயம்" என்று மூன்று தடவை சொன்னார். முதல் தடவை சொன்னபோது இன்னும் ஒன்றுகூட உரிக்கவில்லை. பிறகு, "அந்தச் சப்பாத்து இங்கயும் போடலாம்ல?" என்று கேட்டார். போடலாம் அண்ணி, தாராளமாகப் போடலாம்.

இதோ குளித்துவிட்டு வந்துவிட்டார். எல்லோரும் அவர் காரில் ரிங்லெட் போகிறோம், ரொட்டி டிஷு சாப்பிட. லோ. ஏற்கெனவே முன்சீட்டில் ஏறி ஹாரனை அடித்துக்கொண்டிருக்கிறாள். பாக்கியக்கா கோழியெல்லாம் பறக்கிறது. லைனே எழுந்து வந்து வேடிக்கை பார்க்கிறது.